பிரிக்காத சீட்டு

“ஆண்டவர் பேச்சு மாத்திப் பேசுதாரு, உபதேசியாரே. இதை நான் யாருகிட்டப் போயிச் சொல்ல?”

வந்ததும் வராததுமாக மாசிலாமணி அண்ணாச்சி இப்படித்தான் ஆரம்பித்தார். கையில் ஒரு சின்னத் தகர டப்பா.

சபையில் ஜெபம் நடத்தும் யோபு உபதேசியார் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். வயதில் அண்ணாச்சிக்கு மகன் மாதிரி. ஆனாலும் அந்தத் தேரிக்காட்டுச் சபையில் யாருக்கு என்ன இக்கட்டு வந்தாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். முகதாட்சணியம் பார்க்காத மனுஷர். அப்படி ஒருத்தர் ஒரு ஊருக்கு வாய்ப்பது லேசா என்ன!

“உக்காருங்க அண்ணாச்சி. அப்படி என்ன பேசுனாரு?”

அண்ணாச்சி டப்பாவைத் திறந்தார். உள்ளே மடித்த சீட்டு இரண்டு. ஒன்றில் ‘சொல்’, இன்னொன்றில் ‘சொல்லாதே’. ஒரு முடிவுக்கு வரமுடியாமல் திண்டாடும்போது, ஜெபம் பண்ணித் திருவுளச்சீட்டு போட்டுப் பார்ப்பது அந்தப் பக்கத்துச் சபையாருக்குப் பழக்கம்.

விஷயமும் லேசுப்பட்டதில்லை. அண்ணாச்சியின் லோடு வண்டி மோதி ஒரு சைக்கிள்காரர் செத்துப்போனார். வண்டியை ஓட்டியது அண்ணாச்சியின் ஒரே மகன் எபனேசர். பழியை ஏற்றுக்கொண்டது டிரைவர் சுடலைமுத்து. கையைப் பிடித்துக் கெஞ்சி ஏற்றுக்கொள்ள வைத்தது அண்ணாச்சி. மறுநாள் கோர்ட்டில் சுடலைமுத்து, “நான்தான் ஓட்டினேன்” என்று சொல்லப் போகிறான்.

“அவன் பெஞ்சாதி காலைல வந்து நிக்கா. ‘முதலாளி, நாளைக்குப் போனா சாயங்காலம் வந்துருவாரா’ன்னு கேக்கா. அதுக்கப்புறம் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல, உபதேசியாரே.”

“எபனேசர் என்ன சொல்லுதான்?”

“அவன் என்னத்தச் சொல்லுவான்? வாயத் திறக்கப்படாதுன்னுட்டேன். திறக்கல. பிள்ளைன்னா அப்படிப் பிள்ளை!”

அந்த நிலைமையிலும் அண்ணாச்சிக்கு மகனை நினைத்தால் பெருமைதான்.

“சரி. சீட்டுல என்ன வந்துச்சு?”

“முதல்ல ‘சொல்’னு வந்துச்சு. சரியா ஜெபிக்கலியோன்னு, உபவாசம் இருந்து திரும்பப் போட்டேன். அதுவும் ‘சொல்’. இன்னைக்குப் போட்டா ‘சொல்லாதே’ன்னு வருது. இதுல எது ஆண்டவர் பேசுனது?”

உபதேசியார் கஞ்சியைக் கிண்டிவிட்டார்.

“மொதச் சீட்டே ‘சொல்லாதே’ன்னு வந்திருந்தா, உபவாசம் இருந்திருப்பீங்களா அண்ணாச்சி?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு டப்பாவை நீட்டினார்.

“நீங்களே ஒரு தரம் எடுத்துருங்க. உங்க கைக்கு வாறதுக்கு நான் கட்டுப்படுதேன்.”

உபதேசியார் கண்ணை மூடி ஜெபித்தார். டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்தார். பிரிக்காமலே அடுப்பில் போட்டார்.

“ஐயோ! என்ன வந்திருக்குன்னு பாக்கலியே!”

“பாக்கணுமா அண்ணாச்சி?”

டப்பாவில் மிச்சம் கிடந்த சீட்டைப் பிரித்தால் தெரிந்துவிடும். அண்ணாச்சியின் கை அதை எடுத்தது.

“எனக்கு ஒத்தப் பிள்ளை, உபதேசியாரே.”

“ஆமா அண்ணாச்சி.”

அண்ணாச்சி அந்தச் சீட்டைத் தானே அடுப்பில் போட்டார். அழுதுகொண்டேதான் போட்டார், ஆனாலும் போட்டார். அவரைப் பற்றி ஊரில் ஆயிரம் சொல்லட்டும், இந்த ஒன்றுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

“நாளைக்குக் கோர்ட்டுக்கு நானும் கூட வாறேன்” என்றார் உபதேசியார்.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தபோது எபனேசர் சாப்பிடாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“எந்திரிடே. இப்பமே சுடலைமுத்து வீட்டுக்குப் போவோம். நாளைக்குக் கோர்ட்டுல நீ உள்ளதைச் சொல்லணும்.”

எபனேசர் எழுந்தான். கையைக் கழுவினான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினான். விபத்து நடந்த நாளிலிருந்து அவன் முகம் இவ்வளவு தெளிந்து அண்ணாச்சி பார்க்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“ஜெயிலுடே! ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”

எபனேசர் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்:

“அப்பா சொல்லிட்டா, ரெண்டாவது தடவை எதுக்குப்பா கேக்கணும்?”