ஓரம் பிரித்த போர்வை

"நான் தைச்ச போர்வையை யாருமே போர்த்திக்க மாட்டேங்குறாங்க, டீச்சர்" என்றார் பொன்னுரங்கம்.

ஜெசிந்தா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

பொன்னுரங்கம் ஓய்வுபெற்ற சர்வேயர். வயது அறுபத்திரண்டு. ஜெசிந்தாவுக்கு முப்பத்திநாலு. குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடி அறையில், சனிக்கிழமைதோறும் ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுத்தார். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, உள்ளே கம்பளி வைத்து, மேலிருந்து அடிவரை கையால் ஓட்டுத் தையல் போட வேண்டும்.

வகுப்பில் எட்டுப் பெண்கள். ஆண் பொன்னுரங்கம் ஒருவர்தான்.

"நாலு பேருக்குக் கொடுத்தேன். மக பிளாஸ்டிக் கவரோட பீரோவுல வச்சிருக்கா. மச்சான் கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டிட்டான். தம்பி வீட்டுல அந்துருண்டையோட பரண் மேல கிடக்கு. சம்பந்தியம்மா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டிட்டு மறுபடி மடிச்சு வச்சிடறாங்க."

"நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்."

"குளிருக்குத் தைச்சேன் டீச்சர். கண்காட்சிக்கா தைச்சேன்?"

"எங்ககிட்ட கொடுங்க சார். கிழியற வரைக்கும் போர்த்திக்கிறோம்" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். அறை சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஐந்தாவது போர்வையை எடுத்தார்.

"இது எங்க அக்காவுக்கு."

அக்கா செங்கமலம் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். இப்போது எழுபத்தைந்து. பொங்கல்வரைதான் இங்கே தங்குவார். மார்கழிக் குளிரில் பல் தந்தியடித்தது. வாங்கித் தந்த சால்வையும் ஸ்வெட்டரும் அன்றைக்கே பெட்டிக்குள் போய்விட்டன. நல்லதை எடுத்துத் தேய்க்கலாமாடா, பேத்திக்கு ஆகும் என்றார். தோளில் ஒரு ஈரோட்டுத் துண்டு. அவ்வளவுதான்.

"ஒரு தடவையாவது இதை அவங்க போர்த்திப் பாக்கணும் டீச்சர். பெட்டிக்குள்ள போகாத போர்வை எப்படித் தைக்கிறது?"

ஜெசிந்தா போர்வையை மேசையில் விரித்தார்.

சதுரங்களில் பொன்னுரங்கத்தின் பழைய காக்கிச் சட்டை. அக்காவின் சுங்குடிப் புடவை. மகளின் பாவாடை. தையல் வரிகள் சங்கிலி பிடித்து அளந்ததுபோல் ஓடின. பின்பக்கம் திருப்பினார். ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை.

"ஒரு பிழையும் இல்லை" என்றார்.

கத்திரியை எடுத்தார்.

"டீச்சர்!"

நூல் பட்பட்டென்று அறுந்தது. ஒரு ஓரம் முழுக்க, நான்கு வரி. உள்ளேயிருந்து கம்பளி எட்டிப் பார்த்தது. அந்த ஓரத்தைத் தைக்கப் பொன்னுரங்கத்துக்குப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

சிவப்பு நூல் கோத்த ஊசியைப் பிரிந்த இடத்தில் குத்தி வைத்தார் ஜெசிந்தா.

"கொண்டுபோய்க் கொடுங்க சார்."

"குறையோடயா?"

"குறையோட."

"இது எதுக்குன்னு ஒரு வார்த்தை..."

"அடுத்தவங்க வாங்க" என்றார் ஜெசிந்தா.

வழக்கமாக இறங்கும்போது பொன்னுரங்கம் பேக்கரியில் வர்க்கி வாங்குவார். அன்று வாங்கவில்லை.

*

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிந்த ஓரத்துக்குள் விரலை விட்டார்.

"என்னடா ரங்கா இது?"

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார்.

"ஊரு நிலத்தையெல்லாம் அளந்தியே, ஒரு ஓரத்தை முடிக்கத் தெரியலையா? இதை மனுஷன் பெட்டியில வைக்க முடியுமா? கொண்டா இங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்து போர்வையை மடியில் பரப்பிக்கொண்டார். கால் இரண்டும் உள்ளே போய்விட்டன. தைக்கத் தொடங்கினார்.

"வரி வளையுதுக்கா."

"வளைஞ்சா என்ன, போர்வை எந்திரிச்சு ஓடிடுமா?"

நாலு மணிக்கே மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. மனைவி தவமணி காபி கொண்டுவந்தார். மறுமுனையை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. உட்கார்ந்தார். அவர் காலும் உள்ளே போனது.

"அடேயப்பா, கதகதன்னு இருக்கே!"

"காலை ஆட்டாத. நூல் சிக்குது. நீ ஏன்டா மரமாட்டம் நிக்கிற? அந்த ஓரத்தைப் பிடி."

பிடிக்க வேண்டுமென்றால் உள்ளே உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தார்.

அக்கா, தம்பி ஐந்து வயதில் அய்யனார் கோயில் மண்குதிரையின் மேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுததைச் சொன்னார். தவமணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இரண்டாவது வரி பாதியில் இருக்கும்போது சத்தம் நின்றது.

அக்கா தூங்கியிருந்தார். ஊசி துணியில் நின்றது. போர்வை கழுத்துவரை ஏறியிருந்தது.

ஈரோட்டுத் துண்டு தரையில் கிடந்தது.

*

தை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் பொன்னுரங்கம் மறுபடி வகுப்புக்கு வந்தார். கையில் பெரிய பொட்டலமாக வர்க்கி.

"அக்கா தைச்சு முடிச்சாச்சா சார்?" என்றார் ஜெசிந்தா.

"தினமும் முடிக்கிறாங்க டீச்சர்."

"தினமுமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "காலையில அவங்க குளிக்கப் போறப்போ ஒரு முழம் பிரிச்சு விட்டுடறேன்."

எட்டுப் பெண்களும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"பொங்கல் முடிஞ்சு ஊருக்குப் போறதா இருந்தாங்களே?"

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிட்டாங்க. வேலையைப் பாதியில போட்டுட்டுப் போற பழக்கம் இல்லையாம்."

"பாவம், அவங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று மூலையிலிருந்த பெண் கேட்டார்.

"தெரியாதுன்னுதான் நானும் நினைச்சேன்."

பொன்னுரங்கம் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னக் கத்திரியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னிக்குக் குளிக்கப் போறதுக்கு முன்னாடி இதை என் கையில கொடுத்துட்டுப் போனாங்க."

"என்ன சொன்னாங்க?"

"மொக்கையா இருக்குடா ரங்கா, சாணை பிடிச்சுட்டு வா."