ஊசி பட்ட ஜெட்

“ஓடும்போது ஒரு குறையும் இல்ல. சிக்னல்ல நிறுத்தினா அணைஞ்சுபோகுது. இதைச் சரிபண்ண எனக்குக் கத்துக்குடு, முபீனா.”

நாலு வயது மகள் டெபோராவை பைக்கிலிருந்து இறக்கிவிட்டபடியே கேட்டாள் லிடியா. வண்டி கணவனுடையது. கணவன் மஸ்கட்டில்.

பாலக்கரையில் பைக் பட்டறை போட்டிருக்கும் முபீனா அவளைவிட ஆறு வயது இளையவள். பேச்சை அளந்துதான் செலவழிப்பாள்.

“என்னக்கா அவசரம்?”

“திங்கக்கிழமை இவளுக்கு ஸ்கூல்ல மறுபடியும் இன்டர்வியூ. போன தடவை பேரைக் கேட்டாங்க. முதல் எழுத்துலயே திக்கி நின்னுட்டா. நான் சொல்லிட்டேன். பிள்ளையே சொன்னாத்தான் சீட்டாம்.”

“நான் வண்டியைக் கேட்டேன்.”

லிடியாவுக்கு முகம் சுருங்கியது.

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. சத்தம் தணியத் தணிய, லிடியாவின் கை ஆக்சிலேட்டரை முறுக்கியது.

“ஏன் முறுக்குறீங்க?”

“அணைஞ்சுடுமே!”

முபீனா இன்ஜினை அணைத்தாள். பிளக்கைக் கழற்றினாள். கண்மை தடவியதுபோல் கறுத்திருந்தது. கார்புரேட்டரைப் பிரித்து, கிராம்பு அளவுப் பித்தளைத் துண்டு ஒன்றை உருவினாள்.

டெபோரா எட்டிப் பார்த்தாள். “இ... இ...”

“இது என்னன்னு கேக்குறா,” என்றாள் லிடியா.

முபீனா பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

“ஜெட்டு, பாப்பா. வண்டி சும்மா நிக்கும்போது இது வழியாத்தான் பெட்ரோல் குடிக்கும்.”

அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“யாரு இதுல ஊசி விட்டது?”

லிடியா தலையைக் குனிந்தாள். “நான்தான். போன மாசம் அடைச்சிருந்துச்சு. வீடியோ பார்த்து...”

“அடைப்பு போயிருச்சு. ஓட்டையும் பெரிசாயிருச்சு. இப்ப வேணுங்கிறதுக்கு மேல குடிச்சிட்டுத் திணறுது.”

“ஓட்டையைப் பழையபடி ஆக்க முடியாதா?”

“முடியாது.”

“வேற என்னதான் பண்ணியிருக்கணும்?”

“பெட்ரோல்ல ஊறப் போட்டு, காத்து அடிச்சு, பொறுத்துப் பார்த்திருக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“அது விடுற வரைக்கும்.”

முபீனா பழைய ஜெட்டைக் குப்பை டப்பாவில் போட்டாள். டங்கென்று ஒலித்தது. லிடியாவின் கண் அந்த டப்பாவிலேயே நின்றது.

“இதுக்குப் புதுசு கிடைக்கும்க்கா,” என்றாள் முபீனா.

புது ஜெட்டை மாட்டி, எல்லாவற்றையும் பூட்டினாள். “இப்ப நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க.”

இன்ஜின் எழுந்தது. தடுமாறியது. லிடியாவின் கை தானாக முறுக்கப் போனது. அதன்மேல் கிரீஸ் படிந்த கை ஒன்று வந்து அமர்ந்தது.

“விடுங்க.”

“நின்னுடும்.”

“நின்னா நிக்கட்டும்.”

நின்றது.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி தடுமாறியது. இந்தத் தடவை முறுக்கவில்லை. முபீனா கார்புரேட்டர் ஸ்குரூவை ஒரு கால் சுற்றுத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுத்தாள். இன்ஜின் விக்கியது, இழுத்தது, பிறகு மெல்லத் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது.

லிடியா ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தாள். அது ஓடிக்கொண்டே இருந்தது.

முபீனா பிள்ளையின் முன் குந்தினாள்.

“பாப்பா பேரு என்ன?”

“டெ... டெ...”

லிடியாவின் வாய் திறந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“டெ...”

டெபோரா நிறுத்தினாள். அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். வழக்கமாக வரவேண்டியது வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அம்மாவின் சுடிதார் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, நீயே சொல்லிடும்மா.”

ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை.