சீனிச்சாமி தையல் பிரிக்கப் போனது

"தைக்கத் தெரிஞ்ச எனக்குப் பிரிக்கத் தெரியல தாயி. நீதான் ஒரு வழி சொல்லணும்."

சொல்லிக்கிட்டே கையில இருந்த பைய நீட்டினாரு சீனிச்சாமி.

ஜைத்தூன் நிமிந்து பாக்கல. யாரோ ஒரு போலீஸ்காரரோட கால்சட்டை இடுப்பப் பிரிச்சுக்கிட்டிருந்தா.

சீனிச்சாமி அருப்புக்கோட்டையில முப்பத்தோரு வருசமா ரவிக்கை தைக்கிறவரு. ஊருல எவ இளைச்சா, எவ பெருத்தான்னு டாக்டருக்கு முந்தி அவருக்குத் தெரியும்.

ஜைத்தூனுக்கு அவரு வயசுல பாதி. அவரு கடைக்கு எதிர்த்தாப்புல, துணிக்கடை மாடிப்படிக்குக் கீழ ரெண்டு ஸ்டூலு, ஒரு பலகை. அம்புட்டுதான் அவ கடை. மெசினு கிடையாது. பிரிக்கிறது மட்டும்தான் தொழில். தச்சவன் கெடுத்தது, போட்டவ பெருத்தது எல்லாம் அவகிட்டத்தான் வரும். பிரிச்சுக் குடுப்பா. அதுக்கப்புறம் எவன் வேணா தச்சுக்கலாம்.

ஊருல தைக்கிறவன் நாப்பது பேரு. பிரிக்கிறவ ஒருத்தி.

"முப்பத்தோரு வருசத்துல ஒண்ணு கூடவா பிரிச்சதில்ல?" ன்னு கேட்டா.

"என் தையல் பிரியாதுன்னு சொல்லியே பேரு வாங்குனவன் நான்."

"அது எனக்கே தெரியும்ணே."

எப்படித் தெரியும்னு அவரு கேக்கல. கேக்குற நிலைமையில அவரு இல்ல.

பையத் தொறந்து காமிச்சாரு. கல்யாண ரவிக்கை. அரக்குப் பட்டு. ரெண்டு கையிலயும் ஆரி வேலை, கைக்கு ஒரு மயிலு.

"நல்லாத்தான இருக்கு."

"மயிலப் பாரு தாயி."

பாத்தா. மாலை மாத்தும்போது ரெண்டு மயிலும் மாப்பிள்ளையப் பாக்கணும். இதுக ரெண்டும் முதுகுப்பக்கம் திரும்பிக்கிட்டு நின்னுச்சு.

வலது கைய இடதுலயும், இடது கைய வலதுலயும் மாத்தி ஏத்திப்புட்டாரு மனுசன். முப்பத்தோரு வருச அனுபவம்.

"மயிலுக்குப் பசி போல. பந்திப்பக்கம் பாக்குது," ன்னா ஜைத்தூன்.

"சிரிக்காத. நாளைக்கு விடிஞ்சா முகூர்த்தம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தப் புள்ள வந்து நிக்கும்."

"யாரு புள்ள?"

"பஸ் கண்டக்டரு மக நாகஜோதி. இந்த மயிலு ரெண்டும் அது கையாலயே போட்டது. இருபத்திரெண்டு நாளு உக்காந்துருக்கு. சேலையோட வந்த துணி, மறுதுணி கிடையாது."

ஜைத்தூன் சிரிப்ப நிறுத்திட்டா.

ஆரின்னா சங்கிலி சங்கிலியாப் போற தையல். ஒரு கண்ணி அறுந்தாப் போதும், வால்ல ஆரம்பிச்சு கொண்டை வரைக்கும் மயிலு சரசரன்னு உருவிக்கிட்டு வந்துரும். அந்த வால் நுனி, பிரிக்க வேண்டிய தையலுக்கு ஒரு நெல்லு தூரத்துல கிடந்துச்சு.

"பிளேட எடுத்தேன். கை ஆடுது. கீழ வச்சுட்டு வந்துட்டேன். நீ பிரிச்சுக் குடு தாயி."

"மாட்டேன்."

"ஏத்தா?"

"நான் பிரிச்சா துணி பிரிஞ்சிரும். உங்க கை ஆடுறது நிக்காது. ஆடுற கைய வச்சுக்கிட்டுத் திருப்பி எப்படி ஏத்துவீக?"



அவ இன்னொரு ஸ்டூல அவரு பக்கம் தள்ளினா.

"உக்காருங்க."

உக்காந்தாரு.

அவ கையில இருந்தத அவரு கையில வச்சா. தையல் பிரிக்கிற ஊசி. பேனா நீளம்தான் இருக்கும். பிடியில நூலு சுத்தி, நூலு மேல அழுக்கு ஏறி, அழுக்கு மேல மறுபடி நூலு சுத்தியிருந்துச்சு. வாயி பாம்பு நாக்கு மாதிரி ரெண்டாப் பிளந்து கிடந்துச்சு. ஒரு பக்கம் நீளமா, கூரா. இன்னொரு பக்கம் குட்டையா, முனையில மிளகுல பாதிக்கு ஒரு சிவப்புக் குண்டு.

"இந்தக் குண்டு அழகுக்கா?"

"உங்க பிளேடுல இல்லாதது அது."

"வெட்டுறது எது?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. அது."

"அப்பக் குண்டு சும்மாவா இருக்கு?"

"சும்மா ஒண்ணு கூட வரப் போயித்தான் துணி கிழியாமப் பொழைக்குது."

சீனிச்சாமி கல்யாண ரவிக்கைய எடுக்கக் கையக் கொண்டு போனாரு. அவ அதப் பிடுங்கித் தன் மடியில வச்சுக்கிட்டா. பலகை மேல கிடந்த குவியல்ல இருந்து ஒரு பழைய ரவிக்கைய உருவி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி அவருகிட்டப் போட்டா.

"மொதல்ல இது."

"எனக்கு நேரமில்ல தாயி."

"அதான் சொல்றேன். சீக்கிரம் ஆரம்பிங்க."

ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தவுகளோட ரவிக்கை. பெருத்துட்டாங்களாம், பக்கத்துத் தையல்ல ஒரு வரி பிரிக்கணும்.

"நாலு தையலுக்கு ஒண்ணு வெட்டுங்க. எல்லாத்தையும் வெட்டாதீக."

"மத்த மூணு?"

"மத்த மூணும் உங்கள நம்பி வந்துரும்."

நாலுக்கு ஒண்ணு வெட்டினாரு. மறுபக்கம் திருப்பி, அடிநூல இழுத்தாரு.

வரல.

மூணுக்கு ஒண்ணு வெட்டினாரு. இழுத்தாரு. வரல. கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போயிப் பாத்தாரு. தையல் கடுகு மாதிரிப் பொடிப் பொடியா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துருந்துச்சு.

"யாரு தாயி இந்தப் பாவி?"

"தச்சவரு."

"தச்சானா, வெல்டிங் வச்சானா? எறும்பு நுழைய எடமில்ல."

ஜைத்தூன் போலீஸ்காரரோட கால்சட்டையக் கையில எடுத்துக்கிட்டா. இன்னொரு ஊசியால அவ பாட்டுக்குப் பிரிச்சா.

சீனிச்சாமி ஒவ்வொரு தையலா நோண்டினாரு. நெத்தியில வேர்வை. முனைக்கு வந்தா, அங்க மூணு தடவ முன்னயும் பின்னயும் ஓட்டிப் பூட்டியிருந்துச்சு.

"ஏன்டா, ரவிக்கைக்குப் பூட்டுப் போட்ட சரி. சாவிய எங்கடா வச்ச?"

"திட்டாதீகண்ணே. பாவம், பொழைக்க வந்தவரு."

"இவனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா? பொம்பளைன்னா ஒரு சுத்து பெருப்பா, பிரிக்க வேண்டி வரும்னு தெரியாதா? இவனெல்லாம் சாக்குத் தைக்க வேண்டியவன் தாயி. சாக்கு கூட ஒரே இழுப்புல பிரியும். இவன் கையில சிக்குனான்னா…"

ரவிக்கையத் திருப்பினாரு. அதுவரைக்கும் மடிக்குள்ள மடங்கிக் கிடந்த கழுத்துப் பக்கம் மேல வந்துச்சு.

கழுத்துக்கு உள்ள ஒரு சின்னத் துணிச் சீட்டு தச்சிருந்துச்சு. எழுத்து வெளுத்துப் போயிருந்தாலும் படிக்க முடிஞ்சுச்சு.

சீனி லேடீஸ் டைலர், அருப்புக்கோட்டை.

தெருவுல சைக்கிள்ல ஒருத்தன் கோலப்பொடி வித்துக்கிட்டுப் போனான்.

"சிக்குனா என்ன செய்வீக?" ன்னா ஜைத்தூன்.

"நீ தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"என் குவியல்ல எத எடுத்தாலும் பாதி உங்களுதுதான். பதினோரு வருசமா."

சீனிச்சாமி அந்தக் குவியலப் பாத்தாரு. அப்புறம் அவ விரலப் பாத்தாரு. கட்டைவிரலு நுனி காய்ச்சுப் போயி, புளியங்கொட்டை மாதிரி இருந்துச்சு.

"என்னைத் திட்டியிருப்ப."

"மொத வருசம் திட்டினேன்."

"அப்புறம்?"

"அப்புறமும் திட்டினேன்."

அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

"பிரிச்சு முடிங்கண்ணே. உள்ள ஒண்ணு இருக்கு."

மிச்சத் தையலப் பிரிச்சாரு. வரி விட்டுச்சு. பக்கவாட்டுல துணி விரிஞ்சுச்சு. ரெண்டு விரக்கட அகலத்துக்கு வெயிலு படாத புதுத் துணி. வெளிப்பக்கம் வெளுத்துப் போன மாம்பழ மஞ்சள், உள்ள இன்னிக்குத்தான் கடையில வாங்குன மாதிரி இருந்துச்சு.

"இதா? இது எல்லாரும் உள்ள விடுறதுதான தாயி."

"நாப்பது பேரு தையலையும் பிரிக்கிறவ நான். எனக்குத் தெரியாதா யாரு விடுறாக, யாரு வெட்டி எடுத்துக்கிறாகன்னு?"

"நாளைக்குப் பெருத்தா வேணும்ல."

"வேணும்னு நீங்க நெனச்சீக. டீச்சரம்மாவுக்கு இது உள்ள இருக்குறதே தெரியாது. ரவிக்கை போச்சுன்னு அழுதுக்கிட்டுத்தான் கொண்டு வந்தாக. பிரிச்சுக் காமிச்சா, யாரு பெத்த புள்ளையோ நல்லாருக்கணும்னு சொல்லுவாக. இதையே சொன்னவுக இதுவரைக்கும் நூறு பேராவது இருப்பாக."

"என்கிட்ட யாரும் வந்து சொன்னதில்லையே."

"உங்களுக்குச் சேர வேண்டியத எல்லாம் நான்தான் வாங்கி வச்சிருக்கேன். இந்தாங்க," ன்னு சொல்லி, மடியில இருந்த கல்யாண ரவிக்கைய எடுத்து அவரு கையில வச்சா.

சீனிச்சாமி ரவிக்கைய உள்பக்கம் திருப்பினாரு.

கைய உடம்போட சேக்குற கைக்குழித் தையல்ல ஊசிய நுழைச்சாரு. குண்டு துணி மேல வழுக்கிக்கிட்டுப் போச்சு. அவரு தையல்தான், பொடித் தையல்தான். இந்தத் தடவ யாரையும் திட்டல. ஒவ்வொரு கண்ணியாத் தூக்கி, வெட்டி, அடுத்ததுக்குப் போனாரு.

வால் நுனிகிட்ட வந்தப்ப நிறுத்தினாரு. ஜைத்தூன் எட்டிப் பாக்கல. கால்சட்டையில பட்டன் எண்ணிக்கிட்டிருந்தா.

மூச்ச விட்டாரு. வெட்டினாரு.

மயிலு அசையல.

அப்பத்தான் தன் கையப் பாத்தாரு. கை ஆடல. எப்ப நின்னுச்சுன்னும் தெரியல.

ரவிக்கையோட ரெண்டு கையும் கழண்டுச்சு. பட்டுல ஒட்டிக்கிட்டு நின்ன நூல் துணுக்க, அவ ஒரு பழைய பல்லு விளக்குற பிரஸால துடைச்சு எடுத்தா. துடைச்சதுக்கப்புறம் அங்க தையல் இருந்ததுக்கே அடையாளம் இல்ல.

"நான் பாத்த வேலை தெரியாம இருந்தாத்தான் வேலை," ன்னா.

"அப்ப ஒனக்கு யாரு நல்ல வார்த்தை சொல்லுவா?"

"நேரமாகலையாண்ணே?"

மணி மூணே முக்கா. சீனிச்சாமி ரவிக்கையத் தூக்கிக்கிட்டுத் தெருவத் தாண்டி ஓடினாரு.

மெசின்ல உக்காந்தாரு. மயில அதது இடத்துல வச்சு, நாலு தடவ பாத்து, அஞ்சாவது தடவை பக்கத்து டீக்கடைக்காரரக் கூப்பிட்டு, "மயிலு எங்கய்யா பாக்குது?" ன்னு கேட்டாரு.

"என்னையப் பாக்குது," ன்னாரு டீக்கடைக்காரரு.

"போதும்."

தைக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தி மெசின்ல தையல் அளவு மாத்துற திருகாணிய, முப்பத்தோரு வருசமா கை வைக்காத திருகாணிய, எண்ணெய் விட்டு, ஒரு புள்ளி தளத்தினாரு. தையல் பழையபடி கடுகாட்டம் இல்லாம அரிசி மாதிரி விழுந்துச்சு. முனைக்கு வந்ததும் மூணு தடவ பூட்டுறவரு, ஒரு தடவ பூட்டினாரு. நுனி நூல ஒட்ட நறுக்காம, பிடிச்சு இழுக்க வாகா கொஞ்சம் விட்டாரு.

அஞ்சு மணிக்கு நாகஜோதி ஸ்கூட்டர நிறுத்திட்டு வந்துச்சு. திரைக்கு அந்தப் பக்கம் போயிப் போட்டுப் பாத்துச்சு. கண்ணாடியில மயிலு ரெண்டும் முன்னால பாத்துச்சு.

"கையெல்லாம் அப்படியே அச்சு மாதிரி உக்காந்துருச்சுண்ணே. ரொம்பச் சந்தோசம்," ன்னுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

வேற நாளா இருந்தா சீனிச்சாமி மீசையத் தடவியிருப்பாரு.

"இத நான் மாத்தி ஏத்திட்டேன் தாயி. காலையில ரெண்டு மயிலும் முதுகுப்பக்கம் பாத்துச்சு."

அந்தப் புள்ளைக்கு முகம் வெளுத்துப் போச்சு. ஓடிப் போயி மறுபடி கண்ணாடியப் பாத்துச்சு. தடவிப் பாத்துச்சு.

"ஒண்ணுமே தெரியலையேண்ணே."

"தெரியாது. அந்தா, படிக்கட்டுக்குக் கீழ உக்காந்துருக்கா பாரு, அவளாலதான் தெரியல. வண்டி இங்கயே நிக்கட்டும். ரவிக்கையக் கொண்டு போயி அவகிட்டக் காமிச்சு, ஒனக்குத் தோணுறதச் சொல்லிட்டு வா."

மாத்திக்கிட்டு, ரவிக்கையப் பையில போட்டுக்கிட்டு, நாகஜோதி தெருவத் தாண்டிப் போச்சு.

சீனிச்சாமி வாசல்ல நின்னு பாத்தாரு. புள்ள குனிஞ்சு என்னமோ சொல்லுச்சு. ஜைத்தூன் எந்திரிச்சு நின்னா. பிரிக்கிறவகிட்டக் குறையோடதான் சனம் வரும். இப்படி ஒருத்தி வந்து நிக்கவும் கைய எங்க வைக்கிறதுன்னு அவளுக்குத் தெரியல. அந்தப் புள்ள அந்தக் கையப் பிடிச்சுக்கிச்சு.

அப்புறம் ஜைத்தூன் ரவிக்கைய வாங்கினா. மயிலப் பாக்கல. நேரா உள்பக்கம் திருப்பி, தையல் மேல கட்டைவிரல ஓட்டினா. முனை வரைக்கும் ஓட்டி, அங்க நிறுத்திக்கிட்டு நின்னா.

நாகஜோதி திரும்பி வந்து வண்டியில ஏறுச்சு.

"என்னத்தா சொன்னா?"

"மயிலப் பத்தி ஒண்ணும் சொல்லலண்ணே. உள்பக்கத்தையே பாத்துக்கிட்டிருந்தாக. கண்ணத் தொடச்சுக்கிட்டாக."

"அம்புட்டுதானா?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாக."

"என்ன?"

"இனிமே யாரத் திட்டிக்கிட்டுப் பிரிக்கிறதுன்னு."