கோட்டுக்குக் கீழே இரண்டு

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடம். அதன் குரு நாச்சியார் அம்மை. சீடர்களில் ஆவுடையப்பன் மட்டும் அம்மையைவிட வயதில் மூத்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்று காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மையின் முன் வந்து நின்றார்.

“எங்கே கிளம்பிட்டீங்க, அண்ணாச்சி?”

“உலகம்மாள் வர்றாளாம் தாயே. அவ போனதும் வந்துடறேன்.”

உலகம்மாள் அவருடைய தங்கை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு அவர் சாகக் கிடந்தபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள். பிழைத்து எழுந்தவர் அதன்பின் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

“தங்கச்சி மேல கோபமா?”

“ஐயோ! ஒவ்வொரு தடவை ஒண்ணுக்குப் போகும்போதும் மனசுக்குள்ள அவளைத்தான் கும்பிடறேன். நேர்ல பார்க்கத்தான் தைரியமில்ல. கோயில்ல சிலை பின்னமாயிட்டா எடுத்து ஓரமா வெச்சிடறாங்க. நல்லா இருந்த பிள்ளையை நான் பின்னமாக்கிட்டேன் தாயே.”

“பள்ளிக்கூடத்துல பின்னம்னு சொல்லிக் கொடுத்தீங்களே, அது வேறயா?”

“சொல் ஒண்ணுதான். ஆனா அங்கே அதுக்குக் குறைன்னு அர்த்தமில்ல. பங்கு.”

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே வந்த உலகம்மாள், அண்ணனையும் அவர் தோளில் இருந்த பையையும் பார்த்தாள்.

“நான் வர்றேன்னு தெரிஞ்சு கிளம்பிட்டியா? என்ன தப்பு பண்ணினேன் அண்ணே? கொடுத்ததுதான் தப்பா?”

அம்மை அடுக்களைக்குப் போய், சுடச்சுட ஓர் அடையைத் தட்டில் கொண்டுவந்தார்.

“மாவு இவ்வளவுதான் இருந்தது. எனக்கு விரதம். நீங்களே பங்கு போடுங்க அண்ணாச்சி.”

அவர் பையை இறக்கி வைத்துவிட்டு அடையைப் பிட்டார்.

“உங்க பங்கைக் கணக்குல எப்படி எழுதுவீங்க?”

“மேலே ஒண்ணு. ஒரு கோடு. கீழே ரெண்டு.”

“கீழே ரெண்டு எதுக்கு?”

“ரெண்டாப் பிட்டதால.”

“ஏன் ரெண்டாப் பிட்டீங்க?”

“நாங்க ரெண்டு பேர் இருக்கோமே...”

“ஒருத்தர் மட்டும் இருந்தா?”

“பின்னம் வராது தாயே. முழுசு.”

“வாசல்ல ஆட்டோ இன்னும் நிக்குது” என்றார் அம்மை. “தங்கச்சியை ஏத்தி அனுப்பிட்டு, முழுசாவே சாப்பிடறீங்களா?”

ஆவுடையப்பன் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒரு துண்டை அவள் கையில் வைத்து, அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“விட்டாத்தானே அண்ணே சாப்பிட முடியும்” என்றாள் உலகம்மாள், கண்ணைத் துடைத்தபடி.

அவர் விடவில்லை.