கோட்டுக்கு வந்த மீன்கள்

மேகம் தண்ணீர் குடிக்க இறங்கிவருகிற மாதிரி ஒரு மலை ஏரி. அதில் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன் உண்டு. வலை போடக் கூடாது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தூண்டில் போடலாம். பிடிக்கிறவர்களுக்கு அது விளையாட்டு. மீனுக்கு என்னவென்று மீனைத்தான் கேட்க வேண்டும்.

அந்த வட்டாரத்துத் தூண்டில் ஏரிகள் எல்லாவற்றுக்கும் மீன்துறை அதிகாரி அமலோற்பவம். நாற்பது வயதுகூட ஆகாத பெண். அவளுக்கு மாற்றல் வந்துவிட்டது. அவள் நாற்காலிக்கு வரப்போகிறவர் கலியமூர்த்தி, நாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை பார்த்துத் தலைநரைத்தவர். பொறுப்பை வாங்குமுன் அவளிடம் வேலை பழகிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.

வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்.

"கடல்ல நான் கிழவன் மேடம். நல்ல தண்ணியில பச்சப்புள்ள. நீங்கதான் எனக்குக் குரு."

"தட்சிணையா ஒரு பிளாஸ்க் டீ கொண்டாங்க சார், போதும்."

ஏரிக்கு மேலே மீன் பண்ணை இருந்தது. குஞ்சு வளர்க்கிற தொட்டிகளைச் சுற்றிச் சாக்குத் திரை கட்டியிருக்கும். தீனி போடுகிறவர் திரைக்கு இந்தப்பக்கம் நின்று, ஆள் தெரியாமல், வாய் பேசாமல், மேலாக வீச வேண்டும். அதை மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் மற்ற ஏரிகளைப் பார்க்கப் போய்விட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

மழையில் சாக்கு நைந்து விழுந்தது. கலியமூர்த்தி திரும்பக் கட்டவில்லை. செல்லமாய் வளர்க்கிற உயிருக்கு முகத்தை மறைத்துச் சோறு போடுவது என்ன பழக்கம் என்று நினைத்தார். மழைக்கோட்டும் குல்லாயுமாய்த் தொட்டி ஓரம் நின்று விசிலடித்தபடி தீனி போட்டார். குஞ்சுகள் ஓடிவந்தன. வீட்டில் அவர் காலடி கேட்டு எழுந்துவர ஆள் இல்லாமல் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அதனால் அந்த விசில் கொஞ்சம் கொஞ்சமாய் நீண்டது. வால் கோணலாய்ப் பிறந்த ஒன்றுக்குத் தனியாய் ஒரு பிடி போடுவார்.

குஞ்சுகள் சாண் நீளம் வளர்ந்ததும் ஏரியில் விட்டார்கள். ஏரியில் இருந்த பழைய மீன் அநேகமாய்த் தீர்ந்துவிட்டது. அந்த வருஷத்து ஏரி என்றால் அந்த மீன்கள்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்களுக்கு ஏரியைத் திறக்க வேண்டும்.

திறப்புக்கு முந்தின வாரம், கரைக்காவல் வாட்சர் பெள்ளி பண்ணைக்கு வந்து நின்றான். இனிமேல் கரையில் தனியாய்ப் போகமாட்டேன் என்றான்.

"ஏன்யா, பேயைக் கண்டியா?"

"பேய்னா முகம்னு ஒண்ணு இருக்கும் சார். இது பூரா கண்ணு."

கலியமூர்த்தி சிரித்துக்கொண்டுதான் இறங்கிப் போனார். மேகம் தண்ணீர்மேல் படுத்திருந்தது. காற்று இல்லை. அவர் நடந்தார். கரையோரத் தண்ணீரில் ஒரு நெளிவு கூடவே நடந்தது. அவர் நின்றார். அது நின்றது.

குனிந்து பார்த்தார். வரிசை வரிசையாய் மீன். எல்லாத் தலையும் அவர் பக்கம். வாய் திறந்து திறந்து மூடியது, சத்தமில்லை. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்கும் பின்னால் கண்கள் மட்டும்.

முதலில் முதுகு சிலிர்த்தது. அப்புறம் வால் கோணல் தெரிந்தது. விசிலடித்தார். ஏரி முழுக்க அவரை நோக்கி வந்தது.

அமலோற்பவம் திரும்பிவந்ததும் அவர் இதைத்தான் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. முடிவில் கேட்டார்.

"மேடம், மீன் ஆளைத் தெரிஞ்சுக்குமா?"

அவள் சாக்குத் திரை இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க மழைக்கோட்டைக் கழட்டிக் குடுங்க சார்."

மூன்று பேருமாய் ஏரிக்கு இறங்கினார்கள். பெள்ளியைக்கொண்டு தண்ணீர் ஓரம் ஒரு கம்பு நடச் சொன்னாள். கம்பில் குறுக்குக் குச்சி கட்டிக் கோட்டை மாட்டினாள். உச்சியில் அவர் குல்லாயை வைத்தாள்.

"நம்ம சாரைவிட நல்லா நிமிர்ந்து நிக்குது" என்றான் பெள்ளி. யாரும் சிரிக்கவில்லை.

மேட்டில் மரங்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். மேகம் கோட்டின் கால்மாட்டை மூடியது. தூரத்தில் கலியமூர்த்தி நிற்கிற மாதிரியே இருந்தது. அவரே ஒருதரம் தன் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தண்ணீர் நெளிந்தது.

வந்தன. வரிசை வரிசையாய், தலையெல்லாம் கோட்டைப் பார்த்து. காற்றில் கோட்டுக்கை ஆடினால் அந்தப் பக்கம் சாய்ந்தன. நின்றால் நின்றன.

"விசில்கூட அடிக்கலையே" என்றார் கலியமூர்த்தி, மெல்ல.

அவள் தண்ணீர் ஓரத்தைக் கைகாட்டினாள்.

அப்போது ஒரு நாரை வந்து இறங்கியது. கோட்டுக்குப் பக்கத்தில், கோட்டைப்போலவே அசையாமல் நின்றது. மீன்கள் அதன் காலடிக்கும் வந்தன. நாரை தேடவில்லை, துரத்தவில்லை. குனிந்தது, எடுத்தது. பக்கத்து மீன் விலகவில்லை. எடுத்த இடத்துக்கு இன்னொன்று நகர்ந்து வந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"போதும் மேடம்."

"நீங்க கேட்டதுக்கு இன்னும் பதில் முடியலை."

நாரை தின்று, தின்று, வயிறு கனத்துப் பறக்க மனமில்லாமல் அங்கேயே நின்றது. மீன்கள் அப்போதும் போகவில்லை.

கலியமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை அங்க நிக்கப்போறது கோட்டு இல்லை சார். தூண்டிலே வேண்டியதில்லை. வாளி போதும்."

அன்றைக்கே திறப்பைத் தள்ளிவைத்தாள். தூண்டில்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். அதில் ஒருவர், மீனைப் பிடிக்கவிடாத மீன்துறைக்கு எதுக்கம்மா ஜீப்பு என்று கேட்டாராம். அவள் எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றாள். தேதி மட்டும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நீள மூங்கிலைக் கலியமூர்த்தி கையில் கொடுத்தாள்.

"கோட்டைப் போட்டுக்குங்க. போய் நின்னு விசிலடிங்க. வந்ததும் தண்ணியில ஓங்கி அடிங்க."

"நான் வளர்த்ததுங்க மேடம்."

"தெரியும் சார்."

"பெள்ளி அடிக்கட்டுமே."

"யார் அடிச்சாலும் அதுங்களுக்கு ஒண்ணுதான். ஆனா நான் போனப்புறம் இந்த ஏரி உங்க பொறுப்பு."

அவர் போனார். விசிலடித்தார். வந்தன. மூங்கில் கையில் இருந்தது, கை மட்டும் எழவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்தது. தண்ணீர் பிளந்த சத்தம் மலையில் மோதித் திரும்பிவந்தது. மீன்கள் சிதறின. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, தலையைத் தூக்கிப் பார்த்தன.

அப்புறம் தினமும் அதே வேலை. மேகம் வந்த நாளும் அடித்தார், வெயில் அடித்த நாளும் அடித்தார். விசில், அடி. விசில், அடி. மேட்டில் உட்கார்ந்திருந்த பெள்ளி, பள்ளிக்கூட வாத்தியார்கூட இத்தனை அடிச்சதில்லை என்றான். கலியமூர்த்தி திரும்பிப் பார்த்த பார்வையில் எழுந்து போய்விட்டான். வரிசைகள் குறைந்தன. பின்வரிசைக் கண்கள் முதலில் போயின.

கடைசியில் ஒன்று மட்டும் வந்துகொண்டிருந்தது. கோணவால்.

அடித்தால் ஓடும். அவர் மூச்சு விடுமுன் திரும்பிவரும். ஒருநாள் அவர் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் குந்தினார். கோணவால் அவர் நிழலுக்குள் வந்து நின்றது. அவர் சட்டைப்பையில் விரலை விட்டுத் துழாவினார். பழைய தீனித்தூள் கொஞ்சம் நகத்தில் ஒட்டியது.

அப்போது எதிர்க்கரையில் நாரை ஒரு கால் எடுத்து வைத்தது.

கலியமூர்த்தி விரலைக் கோட்டில் துடைத்தார். மூங்கிலை எடுத்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. அதுவரை அடிக்காத அடி அடித்தார். தண்ணீர் எழும்பி அவர் தலையோடு நனைத்தது. கலங்கல் தெளிந்தபோது அங்கே கோணவால் இல்லை. ஓடிற்றா, செத்துப் போயிற்றா, தெரியவில்லை. நாரை வந்து நின்று பார்த்தது. குனிய ஒன்றும் இல்லை. பறந்துபோனது.

அமலோற்பவம் ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று விடைபெற ஏரிக்கு வந்தாள். மறுநாள் திறப்பு. கலியமூர்த்தி பிளாஸ்க்கோடு கரையில் நின்றார். மேகம் தண்ணீர்மேல் படுத்திருந்தது. பெள்ளி தூரத்தில் தனியாய்க் கரைமேல் நடந்துபோனான்.

டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, கேட்காமலே அவர் விசிலடித்தார். பண்ணையில் அடித்த அதே நீள விசில்.

ஒரு நெளிவு இல்லை. ஒரு குமிழி இல்லை. தண்ணீர் துணி போட்டு மூடினதுபோல் கிடந்தது. அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். கூட எதுவும் நடக்கவில்லை.

திரும்பிவந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒண்ணுகூட வரலை மேடம். இத்தனை நாள் வளர்த்தேன். இப்ப நான் யாருன்னே தெரியலை அதுங்களுக்கு."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். மேகத்துக்கு அடியில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கேட்டீங்களே சார், மீன் ஆளைத் தெரிஞ்சுக்குமான்னு."

"ஆமா."

"இப்பத்தான் தெரிஞ்சுக்கிச்சு."