விட்டத்தில் தொங்கிய கழல்

மருதங்கோ நியாயம் கேட்டு மலையேறி வந்தான். கோபத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்டு வருவார்கள்.

எயினி குகை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது வயது. அவனுக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் அவள்தான் குரு, அவன்தான் சீடன். பத்து ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே மகனைப் பறிகொடுத்துவிட்டுப் பித்துப் பிடித்தவனாக இந்த மலைக்கு வந்தான். அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து வாய்க்கால் வெட்டச் சொன்னாள். வெட்டி முடித்தபோது அவனுக்குப் பசித்தது, தூக்கமும் வந்தது. அன்று முதல் அவளைத் தாயே என்றுதான் அழைக்கிறான்.

"தாயே, நியாயம் யார் பக்கம்? என் பக்கமா, கடம்பவேள் பக்கமா?"

"என்ன நடந்தது?"

சொன்னான். அவன் சொன்னதில் அவன் பேசியதெல்லாம் நீளமாக இருந்தது, கடம்பவேள் பேசியதெல்லாம் குட்டையாக இருந்தது. நடந்தது இதுதான்.

மருதங்கோ சமவெளித் தலைவன். கடம்பவேள் மலைநாட்டுத் தலைவன். அவர்களுக்கு மேலே இருந்த அரசன் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டு இரண்டு நாட்டையும் காயப்போட்டான். கெஞ்சிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன் இருவரும் சேர்ந்து அவனைப் படித்துறையில் வைத்துக் கொன்றார்கள். தண்ணீர் வந்தது. கூடவே வினையும் வந்தது. இப்போது அரசனின் மகன் பெரும்படையோடு இரண்டு நாள் தூரத்தில் வந்துகொண்டிருக்கிறான். அவனை எதிர்க்கத்தான் இருவரின் படைகளும் ஆற்றங்கரையில் ஒரே பாசறையாக இறங்கியிருந்தன. மலையாட்களிடம் வில் இருந்தது. சமவெளியாட்களிடம் யானையும் படகும் இருந்தன. தனித்தனியாக நின்றால் ஒரு பகல்கூடத் தாங்கமாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரியும்.

இந்த நிலையில்தான் கொற்றன் மாடு பிடித்தான். கொற்றன் வில்லாளிகளின் தலைவன், கடம்பவேளின் தங்கை கணவன். பக்கத்து ஊரில் எட்டு உழவு மாடுகளை ஓட்டிவந்து அறுத்துப் படைக்குப் போட்டுவிட்டான். ஊரார் மருதங்கோவிடம் வந்து அழுதார்கள். கடம்பவேள் அப்போது மலைநாட்டுக்குப் போயிருந்தான். 'நான் வரும்வரை பொறு' என்று ஆள் அனுப்பினான். மருதங்கோ பொறுக்கவில்லை. இரண்டு படைகளும் பார்க்கக் கொற்றனின் வில்லை ஒடித்து, அவனைப் பாசறையை விட்டு விரட்டினான்.

இன்று காலை கடம்பவேள் திரும்பி வந்தான். குதிரையை விட்டு இறங்கியதும் நேராகப் பாசறைப் பந்தலுக்கு வந்தான்.

"என் தங்கை புருஷன் வில்லை ஒடிக்க நீ யார்?"

"உழவு மாட்டை அறுக்க அவன் யார்?"

"என் ஆட்கள் மூன்று நாள் பட்டினி. நெல் அனுப்பு என்று ஆள்மேல் ஆள் விட்டேனே."

"என்னிடம் நெல் இல்லை. ஊராரிடம் பிடுங்க என்னால் முடியாது."

"உன்னால் முடியாது. அதனால்தான் கொற்றன் பிடுங்கினான். உன் கூடாரத்துக்கு நாலு நாளாக உப்புக்கண்டம் வந்ததே, அது எந்த மாடு என்று நினைத்தாய்?"

மருதங்கோ தன் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியாமல் தின்றேன்."

"கேட்காமல் தின்றாய்."

சண்டை அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பதில் சொல்ல முடியாதவனுக்குத்தான் பழைய கதையெல்லாம் ஞாபகம் வரும்.

"இந்தப் படையே என்னை நம்பித்தான் சேர்ந்தது," என்றான் மருதங்கோ. "அரசன் உயிரை எடுத்தது என் வேல்."

"முதல் வேல் என்னுடையது. நான் எறியாவிட்டால் நீ படித்துறையிலேயே நின்று யோசித்துக்கொண்டிருப்பாய்."

"உன் வேல் தோளில் கீறியது."

"திட்டம் யாருடையது? இடம் பார்த்தது யார், நாள் பார்த்தது யார்?"

வெளியே படைகள் கேட்டுக்கொண்டிருந்தன. அது தெரிந்துதான் இருவரும் அவ்வளவு சத்தமாகப் பேசினார்கள்.

கடைசியில் கடம்பவேள் சொன்னான். "போதும். விட்டத்தைக் காலி செய்துவிடலாம்."

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு தலைவர்கள் கூட்டுச் சேர்ந்தால் ஒரு பந்தலில் ஆளுக்கொரு தூண் நடுவார்கள். தூண்களின் மேல் ஒரு விட்டம் போடுவார்கள். கூட்டுக்குத் தான் கொண்டுவந்ததற்கு அடையாளமாக அவரவர் ஒவ்வொரு பொருளை அதில் கட்டித் தொங்கவிடுவார்கள். பிரிவதானால் சாட்சியின் முன்னால் அவரவர் பொருளை அவரவர் கையால் அவிழ்க்க வேண்டும். விட்டம் காலியானால்தான் தூணைப் பிடுங்கலாம். ஒன்று மிச்சமிருந்தாலும் கூட்டு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டுவிட்டுப் போகிறவனுக்கு இரண்டு நாட்டிலும் யாரும் குடிக்கத் தண்ணீர் தரமாட்டார்கள். இந்தக் கூட்டுக்குச் சாட்சி எயினி.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு மருதங்கோ மூச்சு வாங்கினான்.

"சொல்லுங்கள் தாயே. நியாயம் யார் பக்கம்?"

"விட்டத்தைக் காலி செய்யுங்கள். பிறகு சொல்கிறேன்."

"பிறகு எதற்கு? இப்போதே சொல்லுங்களேன்."

"இப்போது சொன்னால் உங்களில் ஒருவனுக்குத்தான் காது கேட்கும்."

கீரையை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவனோடு இறங்கினாள்.

உச்சி வெயிலுக்குப் பந்தலடிக்கு வந்து சேர்ந்தார்கள். வலப்பக்கம் மலையாட்கள், இடப்பக்கம் சமவெளியாட்கள். காலையில் ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சியவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடம்பவேள் எயினியைக் கண்டதும் கும்பிட்டான். மருதங்கோவைப் பார்க்கவில்லை.

"ஆரம்பியுங்கள்," என்றாள் எயினி.

கடம்பவேள் முதலில் அம்பை அவிழ்த்தான். ஆற்றுக்கு மேலே மேட்டில் நின்ற முந்நூறு வில்லாளிகள் இறங்கி வலப்பக்கம் வந்தார்கள். மேடு வெறிச்சோடியது.

மருதங்கோ யானை மணியை அவிழ்த்தான். துறையை அடைத்து நின்ற பன்னிரண்டு யானைகளைப் பாகர்கள் இடப்பக்கம் ஓட்டிவந்தார்கள். துறை திறந்து கிடந்தது.

கடம்பவேள் மூங்கில் துண்டை அவிழ்த்தான். அவன் ஆட்கள் பாசறையைச் சுற்றி அடித்திருந்த மூங்கில் முள்வேலியைப் பிரித்து மூட்டையாகக் கட்டினார்கள்.

மருதங்கோ துடுப்பை அவிழ்த்தான். படகுகள் இக்கரைக்கு வந்தன. அக்கரையில்தான் மலைநாட்டுக்குப் போகிற வழி. இனி வில்லாளிகள் வீடு போக வேண்டுமானால் நீந்தித்தான் போக வேண்டும். கடம்பவேள் ஆற்றைப் பார்த்தான்.

"முடிந்தது தாயே," என்றான் மருதங்கோ.

"இல்லை," என்றாள் எயினி.

விட்டத்தின் நடுவில் இன்னும் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அரசனின் வீரக்கழல். கொன்ற அன்று அவன் காலிலிருந்து கழற்றியது. இது நாம் இருவரும் சேர்ந்து கொண்டுவந்தது என்று சொல்லி இருவருமாகவே அதை அங்கே கட்டினார்கள். கட்டியதோடு சரி. ஆறு மாதமாக அந்தப் பந்தலில் உட்கார்ந்து பேசியவர்கள் ஒரு நாளும் தலையை நிமிர்த்தி அதைப் பார்க்கவில்லை.

"இது யாருடையது?"

இருவரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"முதல் வேல் உன்னுடையது என்று சொன்னாயாமே, கடம்பவேள்."

"தோளில்தான் பட்டது தாயே. உயிரை எடுத்தது அவன் வேல். காலையில் அவனே சொன்னான். எல்லோரும் கேட்டார்கள்."

"மருதங்கோ?"

"திட்டம் அவனுடையது. முதல் வேல் விழாதிருந்தால் நான் எறிந்திருக்கவே மாட்டேன்."

காலையில் ஊரைக் கூட்டிப் பங்கு கேட்டவர்கள், மத்தியானம் ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்தார்கள். இடப்பக்கத்தில் யாரோ ஒரு வீரன் சிரித்துவிட்டான். பக்கத்திலிருந்தவன் அவனை அதட்டினான்.

"ஆற்றில் எறிந்துவிடலாம்," என்றான் கடம்பவேள்.

"சரி. கையில் எடு. எறி."

கடம்பவேள் நகரவில்லை.

மருதங்கோவுக்கு எரிச்சல் வந்தது. தன்னை நியாயவான் என்று நம்புகிறவனுக்கு இப்படி ஒரு இடத்தில் சும்மா நிற்க முடியாது. முன்னால் போய்க் கையை உயர்த்தினான். விரல் பட்டதும் கழல் கலகலத்தது.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். ஏழு வயதில் தகப்பனை இழந்து அரண்மனைக்கு வந்தான். அந்தச் சத்தம் கேட்டால் அரசர் வருகிறார் என்று அர்த்தம். கேட்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வான். அவர் தன் தட்டிலிருந்து சோற்றை உருட்டி அவன் வாயில் போடுவார். அந்த மனிதனை அவன் நேசித்தான். கொன்றபோதும் நேசித்தான். கொல்ல வேண்டியிருந்தது, நேசித்ததும் உண்மை.

அவன் கை கீழே இறங்கியது. இரண்டு படைகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பத்திரண்டு வயதுத் தலைவன் அழுதான்.

"அந்தப் படித்துறையில்தான் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்," என்றான்.

"தெரியும்," என்றான் கடம்பவேள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் சொன்னாய். அன்றைக்கு, ஈரத் துணியோடு உட்கார்ந்துகொண்டு. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் போர்வை கொண்டுவந்து போர்த்தினேன். உனக்கு ஞாபகமில்லை."

மருதங்கோ அவனைப் பார்த்தான். இந்தச் சேதியை அவன் வேறு யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.



கடம்பவேள் கையிலிருந்த அம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு விட்டத்தடிக்குப் போய் அதைப் பழைய இடத்திலேயே கட்டினான். அவனுக்கு முடிச்சு சரியாக விழவில்லை. மருதங்கோ கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"கொற்றனைக் கூப்பிடு," என்றான் மருதங்கோ. "புது வில் நான் தருகிறேன்."

"அவன் செய்தது தப்புத்தான். ஊராருக்கு என் பொதிமாடு எட்டை ஓட்டிவிடுகிறேன்."

"நாலு போதும். நாலு நான் தருகிறேன். நானும்தானே தின்றேன்."

வில்லாளிகள் யாரும் சொல்லாமலே மேட்டுக்கு ஏறத் தொடங்கினார்கள். யானைகள் துறைக்குத் திரும்பின. வேலியைப் பிரித்தவர்கள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் கட்டினார்கள். அவர்களுக்குத்தான் இரட்டை வேலை.

பொழுது சாயும் நேரத்தில் மருதங்கோ எயினியைக் குகை வரைக்கும் கொண்டுவிட வந்தான். அவள் விட்ட இடத்திலிருந்து கீரை ஆயத் தொடங்கினாள். வெயிலில் கீரை வாடியிருந்தது. அவன் போகாமல் நின்றான்.

"நியாயம் யார் பக்கம் என்று சொல்கிறேன் என்றீர்கள்."

"விட்டம் காலியானால் என்றுதான் சொன்னேன்."

அவன் கீழே பார்த்தான். அங்கிருந்து பந்தல் சிறியதாகத் தெரிந்தது. நாளை மறுநாள் இந்நேரம் அந்தப் பந்தல் இருக்குமோ இருக்காதோ.

"நாங்கள் தோற்றால் அந்தக் கழலை யார் அவிழ்ப்பார்கள் தாயே?"

"அரசன் மகன்."

"ஜெயித்தால்?"

எயினி ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தாள்.

"ஜெயித்தால் 'அது என்னுடையது' என்று இருவருமே ஓடி வருவீர்கள். அன்றைக்குச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று."