ஒரு கூடை தூர்

உச்சயினிக்குப் போகிற பழைய சாலையில் ஒரே ஒரு படிக்கிணறுதான் உண்டு. பேரரசர் புதுச் சாலை போட்டார், சுங்கச்சாவடியும் வைத்தார். வணிகர்களோ பழைய வழியையே பிடித்துக்கொண்டு போனார்கள். விடுவாரா அரசர்? கிணற்றைத் தூர்க்கச் சொல்லி ஆணை வந்துவிட்டது. கிணறு போனால் அதை நம்பியிருக்கும் ஊரும் போய்விடும்.

கிணற்றடியில் நந்தை என்ற துறவி இருந்தாள். அவளுடைய சீடர் பூரணர் அவளைவிட மிகவும் மூத்தவர்; ஒரு காலத்தில் வணிகக் கூட்டங்களை நடத்திச் சென்ற முரட்டு மனிதர். மண் வண்டிகள் வருவதைக் கண்டதும் தடியைத் தூக்கினார்.

"பேரரசையே எதிர்க்க நம்மிடம் என்ன இருக்கிறது, அம்மா?"

"தண்ணீர் இருக்கிறதே. மாடுகளுக்கு நுரை தள்ளுகிறது, பாருங்கள். மொண்டு கொடுங்கள்."

"நம் வாயில் மண்ணைப் போட வந்தவனுக்கு நானே தண்ணீர் கொடுப்பதா? நல்ல கூத்து!"

"மாடு என்ன பாவம் செய்தது? வண்டிக்காரர்களுக்கும் கொடுங்கள்."

பூரணர் முணுமுணுத்துக்கொண்டே மொண்டு ஊற்றினார். மாடுகள் குடித்தன. வண்டிக்காரர்களும் வயிறு முட்டக் குடித்தார்கள். எல்லாம் இதே பழைய சாலையில் போய்வருகிற வண்டிகள்தான்; மண் சுமக்க அரசரின் அதிகாரி பிடித்து வந்திருந்தார்.

அதிகாரி நிழலில் நின்றபடி கத்தினார்: "ம், கொட்டுங்கள் மண்ணை!"

ஒருவரும் அசையவில்லை. மூத்த வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, இந்தச் சாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கே குடித்தவன் ஒரு கூடை தூர் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டி கட்ட வேண்டும். தவறினால் வேறு எந்த வண்டிக்காரனும் எங்களோடு வழி நடக்க மாட்டான்."

"தூர்க்க வந்த பயல்கள் தூர் எடுக்கப் போகிறீர்களா?"

"குடித்துவிட்டோமே, ஐயா."

கொண்டுவந்த மண்ணைப் பழைய சாலையின் பள்ளங்களில் கொட்டினார்கள். காலிக் கூடைகளோடு படியிறங்கினார்கள்.

"அடடா, நானே கட்டிக்காத்த வழக்கம், எனக்கே மறந்துபோயிற்றே!" என்று பூரணர் தடியை வீசிவிட்டு அவர்கள் பின்னால் இறங்கினார்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அப்போது பார்த்துக்கொள்கிறேன்!"

நந்தை அவரிடமும் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"தாராளமாகக் கூட்டி வாருங்கள், ஐயா. அவர்களுக்கும் தாகம் எடுக்கும்."